அணையில் பறவை எங்கே? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில், "மாசி பிறந்தால் மலையோர அணைகளுக்கு ஒரு நாள் போய் வாருங்கள், பறவைகளுக்காக" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். பலர் போயிருக்கிறீர்கள். வந்த கடிதங்களில் பாதி சந்தோஷம், பாதி கோபம். கோபக்காரரை முதலில் உட்கார வைத்துவிடுகிறேன்.

காட்பாடியிலிருந்து ஒரு வாசகர்: உங்கள் பேச்சைக் கேட்டு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மோர்தானா அணைக்குப் போனோம். பத்தரை மணிக்குச் சேர்ந்தோம். அணைக்கட்டின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தோம். நீர்க்காகம் நாலைந்து, மற்றபடி காக்கைகள். இதற்கு காவேரிப்பாக்கம் ஏரிக்கே போயிருக்கலாமே?

போயிருக்கலாம் ஐயா, எண்ணிக்கைதான் வேண்டுமென்றால். ஏரி வேறு, அணை வேறு. ஏரி என்பது சமவெளியில் ஒரு பக்கம் மட்டும் கரை போட்டுத் தேக்கிய தண்ணீர். கரையோரம் ஆழம். தண்ணீர் வந்து சேர்கிற உள்வாய்ப் பக்கம் போகப் போக இடுப்பளவு, முழங்காலளவு, கணுக்காலளவு, கடைசியில் வெறும் ஈரம். தலையை நீருக்குள் கவிழ்த்து வாலைத் தூக்கிக்கொண்டு மேய்கிற வாத்துக்கு முழங்கால் ஆழத்தைத் தாண்டினால் தரை எட்டாது. காலால் சேற்றைத் துழாவுகிற நாரைக்கும் அப்படியே. அதனால் ஏரியில் பெரும்பரப்பு அவற்றுக்குப் பந்தி.

மோர்தானா அப்படியல்ல. ஆந்திர எல்லையை ஒட்டி, மலைகளுக்கு நடுவே கவுண்டன்ய ஆற்றை மறித்துக் கட்டியது. உயரம் 11.5 மீட்டர், கொள்ளளவு 261 மில்லியன் கன அடி. பாறை ஓரத்தில் ஓரடி எடுத்து வைத்தால் ஆள் முழுகிப் போவான். அங்கே முழுகி மீன் பிடிக்கத் தெரிந்த பறவைதான் பிழைக்கும். நீங்கள் பார்த்த நீர்க்காகம் அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பொதுப்பணித் துறையில் மதகு, ஷட்டர், நீர்மட்டம் காட்டுகிற கேஜ் என்றே என் வேலைக்காலம் கழிந்தது. காலையில் எழுந்ததும் கேஜைப் பார்த்து இன்றைக்கு எத்தனை அடி என்று எழுதி அனுப்ப வேண்டும். அந்தப் பழக்கத்தில் எனக்குப் பறவைக் கணக்கும் தண்ணீர்க் கணக்கும் ஒரே கணக்காகிவிட்டது. கார்த்திகை, மார்கழியில் அணை நிரம்பி வழியும்போது ஊரே வந்து வேடிக்கை பார்க்கும், பறவை வராது. தையில், மாசியில் நவரைப் பயிருக்குத் திறந்துவிடுவார்கள். மட்டம் இறங்க இறங்க விளிம்பில் ஒரு சேற்றுப் பட்டை வெளியே வரும். நேற்றுவரை நீருக்கடியில் கிடந்த புழுவும் நத்தையும் பூச்சியும் இன்றைக்கு வெட்டவெளியில். நாளைக்கு இன்னும் ஒரு முழம். பங்குனியில் நீங்கள் கண்ணை வைக்க வேண்டியது அந்தப் பட்டையின் மேல்தான். அது கட்டுப் பக்கம் இருக்காது. ஆறு உள்ளே நுழைகிற முனையில், வண்டல் படிகிற இடத்தில் இருக்கும். நீங்கள் நின்றது நேர் எதிர்க்கோடியில், வெயில் ஏறிய பிறகு, அதுவும் நடந்துகொண்டே.

ஒரு நாளை எப்படிக் கழிப்பது என்று கேட்டால், போன பங்குனியில் அதே மோர்தானாவில் நான் கழித்ததைச் சொல்கிறேன். இருட்டு பிரியும் முன்பே போய்விட வேண்டும். அப்போதுதான் பக்கி என்கிற இராப்பறவையின் சத்தம் ஓயும். ரப்பர் பந்து தரையில் துள்ளித் துள்ளி அடங்குவதுபோல 'டக், டக், டக்டக்' என்று முடியும். கௌதாரி கூப்பாடு போடும். கொஞ்சம் வெளுத்ததும் ஷட்டர் மேடைக் கம்பியில் வெண்புருவ வாலாட்டி வந்து உட்கார்ந்து பாட ஆரம்பிக்கும். மற்ற வாலாட்டிகள் எல்லாம் வடக்கிலிருந்து வந்து போகிறவை; இது நம்ம ஊர்க்காரன். பங்குனியில் இதற்குக் கூடு கட்டும் காலம். மதகுச் சுவரின் பொந்து, பாலத்தடி, கல்லிடுக்கு, எது கிடைத்தாலும் போதும். என் வேலைக்காலத்தில் ஒரு ஜோடி கிரீஸ் டப்பா வைக்கிற மாடத்தில் குஞ்சு பொரித்தது. அந்தக் கோடை முழுக்க கிரீஸ் டப்பா வெளியில்தான் இருந்தது.

பிறகு கட்டை விட்டு இறங்கி, மாடு மேய்கிற தடம் போகிற வரை ஓரமாகப் போய், ஒரு புங்கமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். பங்குனியில் புங்கன் புதுத்தளிர் விட்டிருக்கும், நிழலுக்குக் குறைவில்லை. எதிரே சேற்றுப் பட்டை. சின்னப் பட்டாணி உப்புக்கொத்தி குடுகுடுவென்று ஓடும், சட்டென்று நிற்கும், ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிந்தால் அதுதான். உள்ளான்கள் வாலை ஆட்டிக்கொண்டே மேயும். பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்கிற நாட்கள் என்பதால் தலை நிமிர நேரமிருக்காது. ஆள் அசையாமல் இருந்தால் பத்துப் பதினைந்து அடி தூரம்வரை வந்துவிடும்.

எட்டு மணி வாக்கில் விராலடிப்பான் என்கிற மீன்பிடிக் கழுகு வந்தது. அதற்காகவே அவ்வளவு தூரம் போகலாம். நீருக்கு மேலே உயரத்தில் சிறகடித்தபடி ஒரே இடத்தில் நின்று பார்க்கும். பிறகு சிறகை மடக்கிச் சரிந்து, கடைசி நொடியில் இரண்டு கால்களையும் முன்னே நீட்டித் தண்ணீரில் விழும். எழும்பியதும் உடம்பை ஒரு உதறு. மீனைக் குறுக்காகத் தூக்கிப் போகாது. தலை முன்னால் இருக்கும்படி திருப்பிப் பிடித்துக்கொள்ளும், காற்று எதிர்க்காமல் இருக்க. அது குளிர்கால விருந்தாளி. சித்திரையில் போனால் பெரும்பாலும் கிளம்பிப் போயிருக்கும்.

பத்து மணிக்கு மேல் நீர்ப்பரப்பில் ஒன்றும் நடக்காது. அப்போது மேலே பாருங்கள். பாறை சூடாகிக் காற்று மேலே கிளம்பும்போது பாம்புக் கழுகு 'கீ-கீ-கியூ' என்று கூவிக்கொண்டு வட்டமிடும். சரிவில் இலையெல்லாம் உதிர்ந்து பூ மட்டும் நிற்கிற புரச மரம் ஒன்று கண்ணில் பட்டால் அங்கேயே மத்தியானத்தை ஓட்டிவிடலாம். கிளி, தேன்சிட்டு, கரிச்சான், நாகணவாய், ஊருக்குக் கிளம்பும் முன் சூறைக்குருவிக் கூட்டம் என்று அந்தச் சிவப்புப் பூவுக்கு வராத பறவை குறைவு.

ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் ரொம்ப நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கிட்டே வந்தார். "இன்னா சார், காலையிலேர்ந்து ஒரே எடத்துல குந்திகினு கீற. ஒடம்பு இன்னா?" என்றார். பறவை பார்க்கிறேன் என்றதும், "அப்போ அந்தாண்ட கல்லுப் பக்கம் போவாத. ஆள்காட்டி முட்ட வெச்சிகீது" என்றார். அவருக்குத் தெரிந்தது பறவை பார்க்க வருகிற பலருக்குத் தெரிவதில்லை. அந்த விஷயம் கீழே வருகிறது.

சாயங்காலம் நாலு மணிக்கு மேல் மறுபடி சுறுசுறுப்பு. பஞ்சுருட்டான்கள் நீரைத் தொட்டுத் தொட்டுப் பறந்து குளிக்கும். பச்சைப்புறா தண்ணீருக்கு இறங்கும். தகைவிலான்கள் கம்பியில் வரிசையாகச் சேரும். ஆறு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். ஏன் என்பதும் கீழே.

ஆம்பூரிலிருந்து ஒரு வாசகி: எங்கள் வீட்டுப் பின்கட்டு கிணற்றடிக்கு ஒரு குருவி வந்தது. உடம்பு வெள்ளை, தலை கறுப்பு, வால் மட்டும் முழ நீளம் ரிப்பன் மாதிரி. அடுத்த வாரம் அமிர்தி உயிரியல் பூங்காவுக்குப் போனபோது அதே மாதிரி, ஆனால் செம்பழுப்பு நிறத்தில் ஒன்று. இரண்டும் ஒன்றா?

ஒன்றுதான் அம்மா. அரசவால் ஈப்பிடிப்பான். வெள்ளையாக இருந்தது வயது வந்த ஆண். பெண் செம்பழுப்பு, வால் குட்டை. இளம் ஆணும் செம்பழுப்புதான். சிலவற்றுக்கு அந்த நிறத்திலேயே வால் நீண்டுவிடும். அமிர்தியில் நீங்கள் பார்த்ததற்கு வால் நீளமாக இருந்திருந்தால் அதுவும் ஆண்.

நிழலும் ஈரமும் ஈயும் இருக்கிற இடத்தைத் தேடி வருகிற பறவை அது. உங்கள் கிணற்றடியில் மூன்றும் இருக்கின்றன போலிருக்கிறது. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அகலமான மண்சட்டி ஒன்றில் இரண்டு விரல்கடை தண்ணீர் வையுங்கள். மதியத்துக்கு மேல் வந்து குளிக்கும். கொசு வைக்காமல் இருக்க ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீரை மாற்றிவிடுங்கள்.

அமிர்திக்கு மறுபடி போனால் கூண்டுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் ஓடையோரமாகக் கொஞ்சம் நில்லுங்கள். கொடிக்கால் வாலாட்டி என்று ஒன்று காய்ந்த சருகுமேல் நடக்கும். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும். இது இடுப்போடு சேர்த்துப் பக்கவாட்டில் ஆட்டும்.

வாணியம்பாடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: தையில் ஆண்டியப்பனூர் அணையில் வாத்துக் கூட்டம் பார்த்தேன். பங்குனியில் போனால் ஒன்றுமில்லை. யாராவது சுட்டுவிட்டார்களா?

அவசரப்படாதே தம்பி. ஊருக்குப் போயிருக்கின்றன. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் மூன்றும் குளிர்காலத்துக்கு மட்டும் இங்கே வருபவை. மாசி, பங்குனியில் வடக்கே மத்திய ஆசியா, சைபீரியா பக்கம் முட்டையிடக் கிளம்பிவிடும். பெரும்பாலும் இரவில் பறக்கும் என்பதால் போகிறதை யாரும் பார்ப்பதில்லை. ஒரு காலையில் நீர் வெறிச்சென்று இருக்கும்.

போகாதவற்றைப் பார். புள்ளிமூக்கு வாத்து ஜோடி ஜோடியாக இருக்கும். அலகு நுனியில் மஞ்சள். சீழ்க்கைச் சிறகி விசிலடித்துக்கொண்டே பறக்கும். முக்குளிப்பான் கன்னம் சிவந்து கலியாண வேஷத்தில் இருக்கும். மணல் திட்டு வெளியே தெரிந்தால் ஆற்று ஆலா இருக்கிறதா என்று கவனி. மஞ்சள் அலகு, கறுப்புத் தொப்பி, பிளந்த வால். அது கோடையில் மட்டம் இறங்கும்போது தலைகாட்டுகிற திட்டுகளில் வெறும் மணலில் முட்டையிடும். திடீரென்று அணையில் மட்டம் ஏறினால் அந்த வருஷக் குஞ்சுகள் அவ்வளவுதான். நாடு முழுக்க எண்ணிக்கை குறைந்துகொண்டு வருகிற பறவை. திட்டில் கண்டால் பரிசல் விட்டுக் கிட்டே போகாதே.

திருப்பத்தூரிலிருந்து ஒரு வாசகர்: ஏலகிரி புங்கனூர் ஏரியில் என்ன பார்க்கலாம்?

படகு பார்க்கலாம்.

ஏலகிரிக்குப் போவதாக இருந்தால் ஏரியை விட்டுவிட்டு, 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றின் அருகே, வண்டியைப் பத்திரமாக ஓரங்கட்டி, காலை ஆறரைக்குப் பாறைச் சரிவைப் பாருங்கள். மஞ்சள்தொண்டைச் சின்னான் என்று ஒரு பறவை. ஜெர்டன் என்ற ராணுவ மருத்துவர் 1845-இல் அறிவியல் உலகுக்கு விவரித்தது. உலகத்தில் தென்னிந்தியப் பாறைக் குன்றுகளை விட்டால் வேறு எங்கும் இல்லை. தலையும் தொண்டையும் மஞ்சள், மார்பு சாம்பல், வாலடி மறுபடி மஞ்சள். கொண்டை கிடையாது. பாறையிடுக்கில் வளர்கிற கல்லிச்சியிலும் உண்ணிச்செடியிலும் பழத்துக்கு வரும். கூச்சம் அதிகம், ஒரு நொடி தெரியும், புதருக்குள் போய்விடும். கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு இருந்தால் அது வெண்புருவச் சின்னான், ஏமாந்துவிடாதீர்கள்.

நம் பக்கத்துக் குன்றுகள் ஜல்லியாகவும் கிரானைட்டாகவும் லாரி ஏறிப் போகும்போது இந்தப் பறவையின் வீடும் சேர்ந்து போகிறது. அணைகளுக்காவது தண்ணீர் திரும்ப வரும், உடைத்த பாறை வராது.

போளூரிலிருந்து ஒரு வாசகர்: செண்பகத்தோப்பு அணைப் பக்கம் கூழாங்கல் தரையில் நான்கு முட்டைகள் பார்த்தேன். ஒரு பறவை தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றியது. அரை மணி நேரம் காத்திருந்து நல்ல படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். பிரசுரிப்பீர்களா?

மாட்டோம். படம் நன்றாக இருக்கிறது, அதுதான் வருத்தம்.

அது ஆள்காட்டி. நாலு முட்டைகளைக் கூர்முனை உள்ளே வைத்து அடுக்கியிருக்கிறது பாருங்கள், கல்லோடு கல்லாக. பங்குனி வெயிலில் அந்தத் தரையில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. முட்டை அவியாமல் இருக்கத் தாய் மேலே நின்று நிழல் கொடுக்கும். இல்லையென்றால் தண்ணீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். நீங்கள் அங்கே இருந்த அரை மணி நேரமும் அந்த வேலை நின்றுபோனது. போதாததற்கு, நீங்கள் நிற்கிற இடத்தைக் காக்கை ஒன்று மரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கும். ஆள்காட்டி கத்த ஆரம்பித்ததும் வந்த வழியே திரும்ப வேண்டும். அதே காலடியில் திரும்ப வேண்டும், ஏனென்றால் பக்கத்தில் உப்புக்கொத்தியின் முட்டையும் இருக்கலாம். அது இன்னும் சின்னது, மிதித்த பிறகுதான் தெரியும்.

ராணிப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர்: எந்த பைனாகுலர் வாங்கலாம்?

8×42. முதல் எண் எத்தனை மடங்கு கிட்டே காட்டும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். பத்து மடங்கு என்றால் கை நடுக்கமும் பத்து மடங்கு தெரியும். 50 மடங்கு, 100 மடங்கு என்று மலிவு விலையில் வருகிற விளம்பரங்களை நம்பாதீர்கள். அணையில் பறவை தூரத்தில் இருக்கும் என்பதால் வசதியுள்ளவர் முக்காலியில் நிற்கிற ஸ்கோப் வாங்கலாம். நான் வாங்கவில்லை, ஓய்வூதியம் அவ்வளவுதான்.

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி: ஊர்க்காரியாகக் கேட்கிறேன். யானை பயம் இருக்கிற இடத்துக்குப் போகச் சொல்கிறீர்களே?

நியாயமான கேள்வி. மோர்தானாவுக்கு அந்தப் பக்கம் ஆந்திராவின் கவுண்டன்ய சரணாலயம். 1990-இல் அறிவித்தார்கள். யானைகளுக்கு மாநில எல்லை தெரியாது. கோடையில் தண்ணீருக்கும், மா பழுக்கிற காலத்தில் தோப்புக்கும் பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் இறங்கும். அதனால்தான் கட்டுப் பக்கமும் ஊர் மாடு மேய்கிற இடமும் போதும் என்கிறேன். அதற்கு மேல் காப்புக்காடு; வனத்துறை அனுமதியும் அவர்களின் ஆளும் இல்லாமல் ஓரடிகூட வைக்காதீர்கள். ஆறு மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். போகிற வழியில் டீக்கடையில் "நேத்து ராத்திரி எறங்குச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இறங்கியது என்றால் அன்றைக்கு வேறு ஏரி பாருங்கள். ஈரச் சாணம் கண்டாலும் அப்படியே.

ஆரணியிலிருந்து ஒரு வாசகர்: கருடன் மீன் பிடிக்குமா?

பிடிக்கும். செத்து மிதக்கிற மீன் என்றால் இன்னும் சந்தோஷம்.

வேலூரிலிருந்து ஒரு மாணவி: ஆறுமணிக் குருவியை மரக்கிளையில் பார்க்க ஆசை. செல்போனில் அதன் குரலைப் போட்டால் வந்துவிடும் என்கிறார்கள். போடலாமா?

வேண்டாம் அம்மா. காலை ஆறு, மாலை ஆறு வாக்கில் கூவுவதால் அந்தப் பெயர். ஒன்பது நிறம் என்பார்கள். குளிர்காலத்தை நம் பக்கமும் இலங்கையிலும் கழித்துவிட்டுக் கோடை தொடங்கும்போது மத்திய இந்தியா, இமய மலையடிவாரம் என்று கூடு கட்டப் போகிற பறவை. போகிற வழியில் நம் தோப்பில் இரண்டு நாள் தங்கி, சருகைக் கிளறிப் புழு தின்று தெம்பு ஏற்றிக்கொள்ளும். போனில் குரலைப் போட்டால் எதிரி வந்துவிட்டான் என்று தீனியை விட்டுவிட்டு உன் போனோடு சண்டைக்கு வரும். உனக்கு ஒரு படம், அதற்கு ஒரு வேளைச் சாப்பாடு போச்சு. பங்குனிக் கடைசியில் காலை ஐந்தே முக்காலுக்குச் சருகு நிறைந்த மாந்தோப்பில் போய் உட்கார். தானே இரட்டை விசில் அடிக்கும். மரக்கிளையில் தேடாதே, பெரும்பாலும் தரையில் இருக்கும்.

செங்கத்திலிருந்து ஒரு ஆசிரியர்: பள்ளிப் பிள்ளைகளோடு குப்பநத்தம் அணைக்குப் போய்ப் பறவைகளைக் குறித்து வரலாம் என்று இருக்கிறோம். என்னென்ன குறிக்க வேண்டும்?

தேதி, நேரம், பறவை, எண்ணிக்கை எல்லாரும் எழுதுவார்கள். பெயர் தெரியாவிட்டால் பிள்ளைகளை வரையச் சொல்லுங்கள். கால் நிறமும் அலகு நீளமும் இருந்தால் பிறகு கண்டுபிடித்துக்கொள்ளலாம். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்க நடக்கிற பறவைக் கணக்கெடுப்பில் அந்தப் பட்டியலைச் சேர்க்கவும் முடியும், தையில் ஒரு முறை போய்விட்டுப் பங்குனியில் அதே இடத்துக்கு மறுபடி போனால் பிள்ளைகளுக்கே வித்தியாசம் தெரியும்.

இன்னொன்றையும் எழுதச் சொல்லுங்கள்: அன்றைய நீர்மட்டம். குப்பநத்தத்தின் முழு உயரம் 59 அடி, கொள்ளளவு 700 மில்லியன் கன அடி. அன்றைக்கு எத்தனை அடி என்பது மாவட்டச் செய்தித்தாளில் வரும். இல்லையென்றால் அணையில் பணியிலிருக்கிறவரைக் கேட்டால் சொல்வார், யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருக்கிற ஆள் அவர். பறவைப் பெயருக்குப் பக்கத்தில் அந்த அடியையும் எழுதிவைத்தால், உப்புக்கொத்தி எத்தனை அடியில் வர ஆரம்பித்தது, வாத்து எத்தனை அடியில் கிளம்பியது என்று இரண்டு மூன்று வருஷத்தில் உங்கள் அணைக்கென்று ஒரு கணக்கு கிடைக்கும். எழுதியதில் ஒரு பக்கத்தை இங்கே அனுப்பிவையுங்கள். பிள்ளைகள் வரைந்த படங்களோடு போடுகிறோம்.